சீமை வீட்டின் பின்படி

எங்கள் வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது புகைபோக்கிகளைப் பற்றித்தான். ஆம்பூர் வெயிலுக்கு எதற்கு இத்தனை புகைபோக்கி என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கூரைமேல் வரிசையாக நிற்கிற அந்தச் செங்கல் தூண்களில் ஒன்றிலிருந்தும் புகை வந்து நான் பார்த்ததில்லை. புறா அடைந்ததுதான் மிச்சம். பிறகு கூடத்துக்குள் வந்து, அண்ணாந்து பார்த்து, தேக்குப் படிக்கட்டின் கைப்பிடியைத் தடவிக் கொடுத்து, அப்படியே சீமையில் இருக்கிற மாதிரி இருக்கிறது என்பார்கள். போன வருஷம் மதராஸிலிருந்து வந்த இஞ்சினீயர் ஒருவர் நாடா பிடித்து வீட்டையே அளந்தார். ஜன்னல், கணப்பு, படிக்கட்டு, ஒன்றையும் விடவில்லை. இந்த வீட்டின் சரித்திரம் தெரிந்தவர்கள் எழுதிக் கொடுத்தால் உதவியாக இருக்கும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அவர் அளக்காமல் விட்ட இடம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அவருக்குப் பிடிக்குமோ என்னவோ.

இந்த வீட்டைக் கட்டியவர் என் மாமனார். தோல் வியாபாரி. ஆட்டுத்தோலை ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்டு மதராஸ் துறைமுகம் வழியாக லண்டனுக்கு அனுப்பியவர். ஜெர்மன் சண்டைக்கு முந்தி, தன் சரக்கு அங்கே எப்படி ஏலம் போகிறது என்று கண்ணால் பார்த்துவரக் கப்பல் ஏறினார். எங்கள் ஜமாத்தில் ஹஜ்ஜுக்குக் கப்பல் ஏறியவர்கள் உண்டு. தோலுக்காகக் கப்பல் ஏறியவர் அப்போது அவர் ஒருவர்தான். லண்டனில் அவரிடம் தோல் வாங்குகிற துரை, நாட்டுப்புறத்தில் இருந்த தன் வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சில நாள் தங்கவைத்தார். மாமனார் ஊர் திரும்பியபோது பெட்டியில் துணிமணியைவிட அந்த வீட்டின் வரைபடங்கள்தான் ஜாஸ்தியாக இருந்தனவாம்.

அந்த வீட்டில் அவரை மயக்கியது தோட்டமோ வெள்ளிச் சாமானோ இல்லை. அங்கே பெண்கள் கண்ணில் படாமல் நடமாடியதுதான். அவர் ஒரு நடைக்குள் நுழைந்தால், எதிரில் வந்த இளம்பெண்கள் சட்டென்று சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார்களாம். இல்லாவிட்டால் சுவரில் ஒரு கதவு திறக்கும், உள்ளே போய்விடுவார்கள். சுவருக்கும் சுவருக்கும் நடுவில் அவர்களுக்கென்று தனி நடை, தனிப் படிக்கட்டு. மேலே ஏறுவதும் கீழே இறங்குவதும் விருந்தாளிக்குத் தெரியாது. இதைப் பார்த்துவிட்டு மாமனார் பூரித்துப் போனார். வெள்ளைக்காரர்களுக்கு வெட்கம் இல்லை என்று யார் சொன்னது, அங்கேயும் பெரிய குடும்பங்களில் கோஷா இருக்கிறது, நம்மைவிட ஒழுங்காக இருக்கிறது, கட்டடத்திலேயே வைத்துக் கட்டியிருக்கிறான் என்று ஊரெல்லாம் சொன்னார். துரைசானி மட்டும் எல்லோருக்கும் எதிரில் மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டாளே என்று யாரோ கேட்டதற்கு, அவள் வயசானவள், அவளுக்குக் கோஷாவிலிருந்து விலக்கு இருக்கும் என்றாராம்.

புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதை என்று ஊரில் பேசியவர்கள் உண்டு. மாமனார் காதில் விழவில்லை. பாலாற்றங்கரையில் செங்கல் சூளை போட்டார். கருங்கல்லை மலையிலிருந்து இறக்கினார். மதராஸிலிருந்து ஆங்கிலோ இந்தியர், சட்டைக்கார இஞ்சினீயர் ஒருவர் வந்து வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு மேஸ்திரிகளிடம் மல்லுக்கட்டினார். நடுவில் இரண்டு ஆள் உயரத்துக்கு மேலே போகிற கூடம். அதன் ஒரு பக்கத்தில் மாடிக்குப் போகிற தேக்குப் படிக்கட்டு, கல்யாண ஊர்வலமே ஏறலாம். சீமையில் கூடத்துக்கு மேலே பாட்டுக்காரர்கள் உட்கார ஒரு மாடம் இருக்குமாம். எங்கள் வீட்டில் பாட்டு ஏது? அந்த மாடத்துக்குத் துளைபோட்ட மரத்தட்டி அடித்து, பெண்கள் மறைந்திருந்து கூடத்தைப் பார்க்கிற இடமாக ஆக்கினார். துரை வீட்டுச் சுவர்களில் தொங்கிய பழைய மனிதர்களின் படங்களுக்குப் பதிலாகக் குர்ஆன் ஆயத்துகள் எழுதிய சட்டங்கள் மாட்டினார். ரோஜாத் தோட்டமும் போட்டார். காற்று திரும்பினால் தோல் தொட்டி நாற்றம் ரோஜாவை அமுக்கிவிடும்.

பின்படியை மட்டும் அவர் துளியும் மாற்றவில்லை. மாற்றினார் என்றால் ஒன்றே ஒன்று. முன்படி இன்னும் கொஞ்சம் அகலமாக இருக்கட்டும் என்று சொல்ல, அந்த இடத்தைப் பின்படியிலிருந்து எடுத்தார்கள். மாடியில் பெண்கள் அறைகளை ஒட்டிய நடையில் தொடங்கி, ஒரு கல் தூணைச் சுற்றித் திரும்பித் திரும்பி, சமையல்கட்டில் போய் முடிகிற படி. நேராக நடந்தாலே இரண்டு தோளும் சுவரில் உரசும். வெளிச்சத்துக்குச் சுவரில் கை அகலப் பொந்துகள். அந்த நடை கூடத்தைத் தொடுகிற இடத்தில் ஒரு கதவு. உள்ளே பேசுகிற சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று சீமையில் அதற்குக் கம்பளி அடித்திருப்பார்களாம். எங்கள் வீட்டில் கம்பளிக்கா போவோம்? சொந்தத் தொழிற்சாலைத் தோலை இரண்டு மடிப்பாக வைத்துப் பித்தளை ஆணி அடித்தார்கள். அதைச் சாத்தினால் இந்தப் பக்கம் அம்மி கொத்தினாலும் அந்தப் பக்கம் தெரியாது.

நான் மேல்விஷாரத்திலிருந்து இந்த வீட்டுக்கு இளைய மருமகளாக வந்தேன். மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் முன்வாசலில் இறங்கிப் போக, என்னைச் சமையல்கட்டு வழியாகப் பின்படியில் ஏற்றினார்கள். ஜரிகை முந்தானை சுவர் சுண்ணாம்பில் தேய்ந்து வெள்ளையாகிவிட்டது. மேலே ஏறி முடித்ததும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டவள் மூத்த மருமகள், என் ஓரகத்தி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நல்ல உடம்பு, வாய் நிறையச் சிரிப்பு. இந்தப் படியைக் கட்டினவன் பூனையை அளந்து கட்டியிருக்கிறான் என்று அன்றைக்கே என் காதில் சொன்னாள். பயந்து நடுங்கிக்கொண்டிருந்த நான் முக்காட்டுக்குள்ளே சிரித்துவிட்டேன். அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் சிரிப்பு அது. அவள் இல்லாவிட்டால் நான் அங்கே ஒரு வருஷம் தாங்கியிருக்க மாட்டேன்.

கூடத்தில் எந்நேரமும் ஆண்கள் இருப்பார்கள். குமாஸ்தாக்கள், தரகர்கள், ஜமாத்துப் பெரியவர்கள், மதராஸ் ஏஜெண்டுகள். அதனால் முன்படி எங்களுக்கு இல்லை. மாமியாரும், அக்காவும், நானும், வேலைக்காரப் பெண்களும் எல்லாம் பின்படிதான். தண்ணீர்க் குடமும் நாங்களும் ஒரே வழியில் போய் வந்தோம். மரத்தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து முன்படியைப் பார்க்கத்தான் பார்ப்போம். அதைத் துடைக்கிற பையன்கூட அதில் ஏறுகிறானே என்று அக்கா வாய்விட்டுச் சொல்லுவாள்.

அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள் தாய்வீட்டில் பிறந்தவை. மூன்றாவது உண்டானபோது அவளுடைய தாயார் மௌத்தாகிவிட்டார். அதனால் பிரசவம் இங்கேதான் என்று ஆயிற்று. அந்தத் தடவை அவளுக்கு உடம்பு ஊதியது. கால் வீங்கியது. பின்படியில் இறங்கினால் திரும்புகிற இடத்தில் வயிறு தூணில் முட்டும், பக்கவாட்டில் திரும்பி இறங்குவாள். கடைசி மாதம் இறங்குவதையே நிறுத்திவிட்டாள். கீழே தோட்டத்தை ஒட்டி இரண்டு அறைகள் பூட்டிக் கிடந்தன. அதில் ஒன்றில் என்னைப் போடுங்கள், பிள்ளை பிறந்ததும் மேலே வந்துவிடுகிறேன் என்று தன் புருஷன் மூலம் மாமனாரிடம் கேட்டாள். அவர் முடியாது என்று சொல்லவில்லை. துரையும் துரைசானியும் வருகிறார்கள், அந்த அறைகள் அவர்களுக்கு வேண்டும், அவர்கள் போகட்டும், பார்க்கலாம் என்றார்.

அவர்கள் வந்தார்கள். துரைசானி மாடிக்கு எங்களைப் பார்க்க வந்தாள். எங்களுக்குத் தையலும் எழுத்தும் சொல்லிக்கொடுக்க வருகிற கிறிஸ்தவ டீச்சரம்மா கூட இருந்து பேச்சை மொழி மாற்றிச் சொன்னார். வயசான அம்மாள், நல்லவள்தான். வீட்டைப் பற்றிக் கேட்டோம். அது அவர்கள் பரம்பரை வீடே இல்லை, நொடித்துப்போன ஜமீன் குடும்பம் ஒன்றிடம் விலைக்கு வாங்கியது என்றாள். ஆதியில் அந்த வீடு ஒரே ஒரு கூடம்தானாம். நடுவில் நெருப்பு மூட்டி, எஜமானும் ஆளும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்களாம். உங்களுடைய சஹன் மாதிரி, ஒரே தட்டைச் சுற்றி என்று டீச்சரம்மா சொன்னார். பணம் ஏற ஏற, எஜமான்கள் மாடிக்குப் போனார்கள், சுவர் மேல் சுவர் வைத்தார்கள், வேலைக்காரர்களைக் கண்ணில் படாமல் ஒதுக்கினார்கள்.

அப்போது அக்கா எங்கள் பின்படியைக் காட்டி, உங்கள் வீட்டுப் பெண்களின் படி இதைவிட அகலமாக இருக்குமா என்று கேட்டாள். துரைசானிக்கு விளங்கவில்லை. டீச்சரம்மா இரண்டு தடவை திருப்பிச் சொன்னார். விளங்கியதும் அந்த அம்மாள் முகம் சிவந்துவிட்டது. பாத்திரம் தேய்க்கிற, கரி சுமக்கிற பெண்கள் போகிற வழி அது, வீட்டுப் பெண்கள் ஒருநாளும் அதில் போகமாட்டார்கள், நான் அதற்குள் நுழைந்ததே இல்லை என்றாள். சுவர்ப்பக்கம் திரும்பி நின்றது வெட்கத்தாலும் இல்லை, வேலைக்காரியின் முகம் எஜமானுக்குத் தெரியக் கூடாது என்கிற சட்டமாம்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மாமியார் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிடக் கோபம். அக்காவுக்கு மட்டும் நம்பிக்கை வந்தது. விஷயம் தெரிந்துவிட்டால் மாமனார் மனம் மாறிவிடும் என்று நினைத்தாள், பாவம். அன்றைக்கே புருஷனிடம் சொல்லியனுப்பினாள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அவள் புருஷன் திரும்பி வந்து தலையைக் குனிந்துகொண்டு சொன்ன மாமனாரின் பதில் எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது.

"நான் என் கண்ணால பாத்துட்டு வந்து கட்டினேன். இன்னைக்கு வந்து ஒரு பொம்பள சொன்னா மாறிடுமா?"

அந்த வாரமே அக்காவுக்கு வலி எடுத்தது. துரைசானி அன்றைக்கு வேலூர் கோட்டையைப் பார்க்கப் போயிருந்தாள். கீழே கூடத்தில் துரைக்கு விருந்து. வருஷத்துச் சரக்கு முழுவதும் பேசி முடிக்கிற நாள். ஜமாத்துப் பெரியவர்களும் மற்றத் தோல் வியாபாரிகளும் வந்திருந்தார்கள். பிரியாணி வாசனை மாடிவரை வந்தது. காலையிலிருந்து அக்காவோடு போராடிய மருத்துவச்சி நடுப்பகலில் கையை விரித்துவிட்டாள். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ரத்தம் போகிறது, வேலூருக்கு லேடி டாக்டரிடம் கொண்டுபோனால்தான் இரண்டு உயிரும் தங்கும், உடனே போங்கள் என்றாள். மோட்டார் போர்ட்டிகோவில்தான் நின்றது. பள்ளிகொண்டா தாண்டினால் வேலூர். முன்படியில் இறக்கி, கூடத்தைக் கடந்தால் மோட்டார். அவ்வளவுதான் தூரம்.

மாமியார் வேலைக்காரப் பெண்ணைத் தோல் கதவுக்கு அனுப்பினார். அவள் போன வேகத்தில் திரும்பி வந்தாள். இதற்கென்றுதானே தனிப் படி கட்டியிருக்கிறேன், அதில் இறக்குங்கள், மோட்டாரைப் பின்பக்கம் அனுப்புகிறேன் என்பது பதில்.

கயிற்றுக் கட்டிலோடு தூக்கினோம். முதல் திருப்பத்திலேயே கட்டில் கால் தூணில் மாட்டிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. எப்படியோ பிடுங்கி மேலே கொண்டுவந்து போட்டுவிட்டு, அக்காவை ஜமக்காளத்தில் கிடத்தி ஆளுக்கொரு முனை பிடித்தோம். இருவர் சேர்ந்து நிற்க அங்கே இடமில்லை. ஒருத்தி கீழ்ப்படியில், ஒருத்தி மேல்படியில், நடுவில் ஜமக்காளம் தொய்ந்து அக்காவின் முதுகு படியில் இடிபட்டது. திருப்பத்தில் அவள் உடம்பு வளையவில்லை. வளைகிற நிலையில் அவள் இல்லை. அவள் போட்ட சத்தத்தை நான் எழுதமாட்டேன். ஜமக்காளத்திலிருந்து ரத்தம் என் கைவழியாக முழங்கைக்கு வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம்தான் கூடம். ஒருவருக்கும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று கட்டிய சுவர்.

"என்னை மேலயே கொண்டு போடுங்கடி," என்றாள் அக்கா. "இங்க சாவ வுடாதீங்க. இந்தப் படியில வேணாம்."

என் முனையை வேலைக்காரப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, அக்காவைத் தாண்டி மேலே ஏறி ஓடினேன். மரத்தட்டிக்குப் பின்னால் போய் நின்றேன். கீழே எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாமனார் துரையின் தட்டில் கறித்துண்டு எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் ஒரு பெண்ணின் குரல் கூடத்தில் கேட்டதே இல்லை. நான் தட்டியில் வாயை வைத்து, என்னால் முடிந்தமட்டும் சத்தமாகச் சொன்னேன்.

"அக்கா செத்துப்போறாங்க. எல்லாரும் எழுந்து வெளிய போங்க. முன்படி வேணும்."

எல்லாத் தலைகளும் மேலே நிமிர்ந்தன. துரை ஏதோ கேட்டார். மாமனார் கையில் கறித்துண்டோடு சிலைபோல் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்தார். அவர் எழுந்ததும் எல்லோரும் எழுந்தார்கள். கையைக்கூடக் கழுவாமல் வராந்தா பக்கம் நடந்தார்கள். ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் அவ்வளவு பெரிய கூடம் காலியாகிவிட்டது. அத்தனை சுலபமாக இருந்தது அது.

நான் நடைக்குத் திரும்பி ஓடியபோது, பின்படியிலிருந்து அவளை மேலே இழுத்து வந்திருந்தார்கள். அவளுடைய அறை வாசலில், தரையில் கிடத்தியிருந்தார்கள். மருத்துவச்சி அவள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். மாமியார் கலிமா சொல்லிக்கொண்டிருந்தார். அக்காவின் உதடு அசைந்தது, பிறகு அசையவில்லை. பிள்ளை வயிற்றிலேயே போயிற்று. முன்படி காலியாகிவிட்டது, வாருங்கள், தூக்குங்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேனாம். அன்றைக்குப் பாடம் சொல்ல வந்து எங்களோடு இருந்துவிட்ட டீச்சரம்மா பிற்பாடு சொன்னார். எனக்கு ஞாபகம் இல்லை.

மாமியார் பொல்லாதவர் இல்லை. அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு பொழுது சாயும்வரை அழுதார். அழுகைக்கு நடுவே என்னைப் பார்த்து, உன் குரலை அத்தனை ஆம்பளைங்களும் கேட்டுட்டாங்களே என்றார். அவருக்குச் சொல்ல என் வாய் நிறையப் பதில் இருந்தது. சொல்லியிருந்தால் அன்றோடு அந்த வீட்டில் என் வாழ்வு முடிந்திருக்கும். முடிந்தாலும் பரவாயில்லை என்றுதான் இருந்தது.

மய்யித்தை மாடியிலேயே குளிப்பாட்டினோம். கஃபன் துணி சுற்றி அத்தர் தடவினோம். அடுத்த நாள் காலையில் ஜனாஸா எடுக்க நேரம் குறித்தார்கள். பள்ளிவாசலிலிருந்து மய்யித்தை வைத்துத் தூக்குகிற சந்தூக்கு வந்தது. சமையல்கட்டுப் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்திருக்கிறார்கள். பின்படியில் அது நுழையவில்லை. அதனால் முன்படி வழியாக மேலே ஏற்றினார்கள்.

பெண்களெல்லாம் அறைக்குள் ஒதுங்கினார்கள். நான் மட்டும் மரத்தட்டிக்குப் பின்னால் போய் நின்றேன். கீழே கூடம் கொள்ளாமல் ஆண்கள். ஜமாத்து, தொழிற்சாலை ஆட்கள், தரகர்கள், கறுப்புக் கோட்டில் துரை. ஒருவரும் அவர்களை எழுந்து போகச் சொல்லவில்லை. அக்காவின் புருஷனும் அவளுடைய தம்பிகளும் சந்தூக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு படியின் தலைப்பில் வந்து நின்றார்கள். பச்சைப் போர்வை போர்த்தியிருந்தது. மாமனார் முன்னால் இரண்டு படி இறங்கி, இவர்கள் பக்கம் திரும்பி, பின்னாலேயே காலைத் தேடித் தேடி வைத்து இறங்கினார். ஒரு கையைச் சந்தூக்கின் அடியில் கொடுத்திருந்தார். தாடி நனைந்திருந்தது. உண்மையாகத்தான் அழுதார். அதையும் எழுதத்தான் வேண்டும்.

"மெதுவா வாங்க," என்றார். "அவசரமில்ல. இங்க அகலமா இருக்கு. ஆட்டாம எறக்குங்க, பாத்து."

அவர்கள் ஆட்டாமல்தான் இறக்கினார்கள். திருப்பத்தில் ஒருதடவை நின்று, தோள் மாற்றிக்கொண்டு, மறுபடி இறங்கினார்கள். நான் கடைசிப் படிவரை பார்த்துக்கொண்டு நின்றேன். ஓரிடத்திலும் இடிக்கவில்லை.